தோற்றவர்களுக்கு முழுப் பக்கம்

அதியமான்கோட்டை
12.6.2025

அன்புள்ள ரேவதி கண்ணுக்கு,

உன் அண்ணி மணிமேகலை எழுதுவது. இங்கே உன் அம்மா, உன் அண்ணன் அருள்குமார், நான், மூன்று ஆடுகள் எல்லோரும் சுகம். அத்தையின் மூட்டுவலி மட்டும் கேட்காமல் வந்து கேட்காமல் போகிறது. பெங்களூர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா, முடி கொட்டுவது நின்றதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் போன் வந்தாலே அத்தை "ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு" என்று ஓடி வருகிறார். பின்னாலேயே பாதித் தெரு வருகிறது. எனக்கோ காலேஜ் விஷயம் பேச வேண்டும். நீ எங்கள் நர்சிங் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது போன் கூடாது என்பதால், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் சீட்டு வைத்துப் பேசிக்கொள்வோமே! டீச்சரான அண்ணிக்கும் மாணவியான நாத்தனாருக்கும் அதுதானே தபால். எட்டாக மடித்து, ஒரு முனையை உள்ளே செருகி அனுப்புவாய். பிரிப்பதற்குள் என் நகம் போய்விடும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் செட்டில் பதினொரு பேர் வெளிநாட்டு நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை எழுதினீர்கள். நீ ஒருத்திதான் பாஸ். ஹைவே ஓரம் காலேஜ் வைத்த ஃபிளெக்ஸில் உன் முகம் லாரி அகலத்துக்கு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. அத்தை பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரைத் தட்டி எழுப்பிக் காட்டுகிறார்.

மற்ற பத்துப் பேர் ஏன் தோற்றார்கள்? நிர்வாகம் "புள்ளைங்க படிக்கல" என்று கையைக் கழுவிவிட்டது. இப்போதுதான் ஒன்று கேள்விப்பட்டேன். அந்தப் பரீட்சையில் பாஸானவர்களுக்கு ஒரே ஒரு வரிதான் வருமாம். தோற்றவர்களுக்குத்தான் முழுப் பக்கம் வருமாம், எந்தப் பாடத்தில் எவ்வளவு கீழே என்று. குடத்தில் ஓட்டை எங்கே என்று தெரியாமல் எதை அடைப்பது? உன்னிடம் ஒரு வரிதான் இருக்கும். உன் தோழிகளிடம் கேட்டு அந்தப் பக்கங்களை வாங்கிக் கொடு. கடைசி வருடத்தில் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜனவரியோடு அவர்களுடைய வார்டு பயிற்சி முடிகிறது. அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணி,
மணிமேகலை

*

பெங்களூர்
30.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ரேவதி வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முடி கொட்டுவது நின்றுவிட்டது, கொட்டுவதற்கு இனி இல்லை. அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். அண்ணன் பைக்கை மெதுவாக ஓட்டட்டும்.

பதில் தாமதம். ஆஸ்பத்திரியில் வேலை அதிகம், விசா வரும்வரை டிரெயினிங் என்று சொல்லியிருந்தேனே, அதுதான்.

தோழிகளிடம் கேட்டேன். யாரும் தரமாட்டார்கள் போல. தோற்ற காகிதத்தை யார் பத்திரமாக வைத்திருப்பார்கள் அண்ணி? அடுப்பில் போட்டிருப்பார்கள். வைத்திருந்தாலும் யார் எடுத்து நீட்டுவார்கள்?

அந்த ஃபிளெக்ஸை எப்போது எடுப்பார்கள்? இத்தனை வெயிலில் வெளுத்திருக்குமே. நீங்கள் சொல்லி எடுக்கச் சொல்லலாமா?

நான் கூப்பிடும் நேரம் மாறினால் கவலைப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஒரு வயதான அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் ஆகிவிட்டது, முடிக்கிறேன்.

அன்புடன்,
ரேவதி

*

அதியமான்கோட்டை
9.7.2025

ரேவதி கண்ணு,

நீ சுகமாக இருப்பதாக எழுதியதை நம்பிக்கொண்டேன். இங்கேயும் சுகம்தான். ஒரு ஆடு குட்டி போட்டிருக்கிறது.

நீ கைவிட்டாலும் நான் விடவில்லை. உன் பதில் வருவதற்கு முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய்க் கேட்டேன். பொம்மிடியில் ஒருத்தி வாசலோடு திருப்பி அனுப்பினாள். தீர்த்தமலைப் பக்கம் ஒருத்தி டீ கொடுத்துவிட்டு அழுதாள். கடைசியில் இரண்டு பக்கம் தபாலில் வந்தது, இரண்டிலும் பெயர் இருக்கும் இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். போகட்டும். இரண்டிலும் ஒரே பாடம் கீழே. பிரசவமும் பிறந்த குழந்தையும்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. ரெக்கார்டு ரூமில் உங்கள் செட்டின் பிரசவ நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். ஒவ்வொருத்தியும் தானே பார்த்த பிரசவங்களை எழுத வேண்டிய நோட்டு அது. முதல் நோட்டில் முதல் பிரசவம்: பாஞ்சாலி, வயது 24, ஆண் குழந்தை, 2.8 கிலோ. இரண்டாவது நோட்டிலும் பாஞ்சாலி, 24, ஆண் குழந்தை, 2.8 கிலோ. நாற்பத்திரண்டு நோட்டிலும் அதே பாஞ்சாலி! எந்தக் காலத்திலோ எவளோ ஒரு சீனியர் நிஜமாகப் பார்த்த ஒரு பிரசவத்தை எல்லோரும் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். இந்த வருடப் பிள்ளைகளும் இப்போதே உங்கள் நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசி வருடத்தில் காவேரி என்று ஒருத்தி, சித்தேரி மலைக்காரி. அவளுடைய அப்பா மாரப்பன் போன வாரம் ஃபீஸ் கட்ட வந்தார். "டீச்சரம்மா, எங்க மலைல வலி வந்தா கீழ எறங்கறதுக்குள்ள பாதி உசுரு போயிருதுங்க. இவ படிச்சு வந்துட்டா எங்களுக்குக் கவலையில்லீங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். காவேரி இதுவரை ஒரு பிரசவத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை, ரேவதி. இந்த நாற்பது பேரையும் ஜனவரிக்குள் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி பிரசவ வார்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும். இரண்டு காகிதம் போதாது. இன்னும் வேண்டும்.

உன் கவரின் பின்னால் "மூன்றாவது கிராஸ், மாடி வீடு" என்று முகவரி இருக்கிறது. ஆஸ்பத்திரி ஹாஸ்டல் அங்கேயா? சரி, இருக்கட்டும்.

உன் அண்ணி

*

பெங்களூர்
25.8.2025

அண்ணிக்கு,

நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டும்.

ஆறு வாரமாகப் பதில் எழுதவில்லை, மன்னிக்க வேண்டும். இதோடு ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். தோழி ஒருத்தியுடையது. யார் என்று கேட்காதீர்கள். அவள் படிக்காமல் போய்த் தோற்கவில்லை. வெளிச்சம் வருவதற்கு முன் எழுந்து உட்கார்ந்து படித்தவள். அவள் படிக்கவில்லை என்று உங்கள் கரஸ்பாண்டெண்ட் சென்னப்பன் சொன்னால் அவர் வாய் அழுகிப் போகட்டும்.

பாஞ்சாலி கதை எனக்குத் தெரியாததா? நானும் எழுதினவள்தானே. நோட்டில் என்ன எழுதியிருந்தது என்று விவரமாக எழுதினீர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே சரிபார்த்ததாகக் கையெழுத்து இருக்குமே. அது யாருடையது என்று எழுதவில்லையே அண்ணி?

ரேவதி

*

அதியமான்கோட்டை
2.9.2025

ரேவதி,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் இல்லை.

கையெழுத்து என்னுடையது. நாற்பத்திரண்டு நோட்டிலும்.

நாம் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் அந்த வருடம் பிரசவ வார்டையே மூடிவிட்டார்கள். வேறு இடம் பார்க்கச் செலவாகும் என்று சென்னப்பன் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுகளைச் சாக்கில் கட்டி ஹாஸ்டல் சாப்பாட்டு ஹாலுக்கு அனுப்பினார். "போட்டுக் குடுத்துருங்க டீச்சர், புள்ளைங்க பரீட்சை எழுதணுமில்ல" என்றார். போட்டேன். உங்களுக்கு ஒரு வருடம் வீணாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. உன் நோட்டு வந்தபோது என் பேனா தீர்ந்துவிட்டது. உன்னிடமே பேனா வாங்கித்தான் போட்டேன். நினைவிருக்கும் உனக்கு.

இடையில் இன்னும் இரண்டு பக்கம் தபாலில் வந்தன, உன் தோழியின் பக்கத்தோடு சேர்த்து இப்போது ஐந்து இருக்கின்றன. ஐந்திலும் பிரசவம் கீழே. எடுத்துக்கொண்டு சென்னப்பனிடம் போனேன். உட்காரச் சொல்லவில்லை. "பேரு ஊரு இல்லாத காயிதத்த எவ வேணாலும் எழுதுவா டீச்சர். ரேவதி பாஸ் ஆவலீங்களா? அதே காலேஜு, அதே டீச்சருங்க. அவ பாஸ் ஆனா மத்தவளுங்க படிக்கலன்னுதான அர்த்தம்?" என்று ஜன்னல் வழியாக ஃபிளெக்ஸைக் காட்டினார். நான் எதைக் கொண்டுபோனாலும் அவர் உன் முகத்தைக் காட்டுவார்.

உன் தோழியிடம் ஒன்று மட்டும் சொல். மற்றவர்கள் பெயரைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார்கள், அவள் கையால் கிழித்திருக்கிறாள். காகிதத்தை எட்டாக மடித்து ஒரு முனையை உள்ளே செருகியிருக்கிறாள். எனக்கு மறுபடியும் நகம் போயிற்று. நான் வேறொன்றும் கேட்கப் போவதில்லை.

மணிமேகலை

*

பெங்களூர்
20.9.2025

அண்ணிக்கு,

எல்லோரும் சுகமா? என்னைக் கேட்காதீர்கள், நானே சொல்கிறேன்.

ஆமாம், நான்தான். போன வருடம் மார்ச்சில் தோற்றேன். ரிசல்ட் வந்த அன்று அம்மா போனில் "பாஸா சாமி?" என்று கேட்டது. பின்னால் தெருவே நிற்கிற சத்தம் கேட்டது. எவனோ விசில் அடிக்கத் தயாராக இருந்தான். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன். நாலு நாளில் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். காலேஜில் ஒருத்தர்கூட ரிசல்ட்டைக் காட்டு என்று கேட்கவில்லை அண்ணி! அவர்களுக்கு முகம்தான் தேவைப்பட்டது.

இங்கே ஆஸ்பத்திரியும் இல்லை, டிரெயினிங்கும் இல்லை. ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். துடைத்துவிடுகிறேன், திருப்பிப் படுக்க வைக்கிறேன், கஞ்சி கொடுக்கிறேன். ஒன்றரை வருடமாக இதுதான். கேவலமான வேலை இல்லை. ஆனால் நான் படித்த வேலை இல்லை.

பரீட்சையில் ஒரு கேள்வி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பிள்ளை பெற்ற அரை மணி நேரத்தில் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? புத்தகத்தில் படித்ததுதான். நாலு விடையும் சரி மாதிரியே தெரிந்தது. பாஞ்சாலிக்கு ரத்தப்போக்கு வந்ததே இல்லை அண்ணி. நாற்பத்திரண்டு தடவை பெற்றும் ஒரு தடவைகூட வரவில்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று பொய் எழுதமாட்டேன். இருக்கிறது. அந்தப் பேனாவை நான் கொடுத்திருக்கக் கூடாது, நீங்கள் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கையெழுத்து உங்களுடையது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இனி நான் மட்டும் ஒளிந்துகொண்டிருந்தால் என்னைப் போல ஒரு கோழை கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். ஸ்பீக்கரில் போடுங்கள். தெருவும் வரட்டும்.

ரேவதி

*

அதியமான்கோட்டை
6.10.2025

என் ரேவதி கண்ணுக்கு,

நீ அன்றைக்குச் சாப்பிட்டாயா? இங்கே யாரும் சாப்பிடவில்லை.

"நான் பெயிலும்மா, பொய் சொன்னேன்" என்று நீ சொன்னதும் அத்தை போனைக் கீழே வைத்துவிட்டாரே, அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன். தெரு கலைந்தது. அத்தை என் பக்கம் திரும்பினார். "வூட்டுலயே டீச்சரு இருந்து எம் புள்ளைக்கு இந்தக் கதியா? நீயெல்லாம் ஒரு அண்ணியா?" என்றார். வாங்கிக்கொண்டேன். உன் அண்ணன் வெளியே போய்க் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

விடிந்ததும் அத்தையைக் காணோம். கொடுவாளையும் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஹைவேயில் ஃபிளெக்ஸின் கயிற்றை அறுத்துக்கொண்டிருக்கிறார், மூட்டுவலிக்காரி! காலேஜ் வாட்ச்மேன் வந்து தடுத்தான். "எம் புள்ள மூஞ்சி, நான் எடுத்துக்கிட்டுப் போறேன். உனக்கென்னடா? எவன் கேக்கறானோ அவன என் வூட்டுக்கு வரச் சொல்லு" என்று சுருட்டி இழுத்து வந்துவிட்டார். இப்போது அதை மொட்டை மாடியில் விரித்து நிலக்கடலை காயப்போட்டிருக்கிறார். உன் மூக்கின் மேல் கோழி மேய்கிறது. "வெளுக்கவேயில்ல பாரு, நல்ல ஷீட்டுதான்" என்கிறார். கோபம் எங்கே திரும்பியிருக்கிறது என்று புரிகிறதா?

தீபாவளிக்கு முன்னால், 18ஆம் தேதி, காலேஜில் பெற்றோர் கூட்டம். அங்கே எல்லாவற்றையும் வைக்கப் போகிறேன், என் கையெழுத்தையும் சேர்த்து. என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. வந்தால் உன் பக்கத்தில் நிற்பேன்.

அண்ணி

*

பெங்களூர்
10.10.2025

அண்ணிக்கு,

நலம். வருகிறேன்.

கிழித்த துண்டை நான் எறியவில்லை. பெயரும் பரீட்சை நம்பரும் இருக்கிற அந்தத் துண்டு ஒன்றரை வருடமாக என் பர்ஸில்தான் இருக்கிறது. பசை வாங்கி வையுங்கள்.

ரேவதி

*

அதியமான்கோட்டை
27.10.2025

ரேவதி கண்ணு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? அந்த வீட்டு அம்மாவுக்கு வேறு ஆள் கிடைக்கும்வரை இருந்துவிட்டு வருகிறேன் என்றாயே, அதுதான் சரி. அரைகுறையாக விட்டு வராதே.

நீ கூட்டத்தில் பேசிவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய், பாதி விருந்தில் எழுந்து போனவள் மாதிரி. சென்னப்பன் எழுந்து, "இந்தப் பொண்ணு சொந்த அம்மாகிட்டயே பொய் சொன்னவ, இவ பேச்ச நம்பறீங்களா?" என்றதும் நீ நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. "ஆமாங்க, நான் எங்கம்மாகிட்டதான் பொய் சொன்னேன். நீங்க ஊருக்கே போர்டு வெச்சீங்க. என் ரிசல்ட்ட ஒரு நாளாவது கேட்டீங்களா?" என்றாயே! பின் வரிசையில் அத்தை விசும்பியது உனக்குக் கேட்டதா தெரியவில்லை.

நீ போனதும் நான் நோட்டுகளை மேஜையில் கொட்டினேன். மாரப்பன் எழுந்து வந்து, தன் மகள் காவேரியை வாசிக்கச் சொன்னார். பாஞ்சாலி, 24, ஆண் குழந்தை, 2.8. அடுத்த நோட்டு, அதே. அடுத்தது, அதே. பத்தாவது நோட்டில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஏனுங்க, காந்தாரிக்கே நூறுதான். இந்தப் பாஞ்சாலி விட்டா அவளையே மிஞ்சிருவா போல" என்றார். சிரிப்பு வெடித்தது. அவர் சிரிக்கவில்லை. "ஒரு பிரசவங்கூடப் பாக்காத இந்தப் புள்ளையத்தானுங்களா எங்க மலைக்கு அனுப்பப் போறீங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் சொன்னேன், கீழே இருக்கிற கையெழுத்தெல்லாம் என்னுடையது என்று. திட்டினார்கள். திட்ட வேண்டியதுதானே. ஆனால் உன் பக்கம் பெயரோடு மேஜையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, நான் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்த உன் தோழிகளில் நாலு பேர் எழுந்து, தங்கள் பெயரையும் சொன்னார்கள். இனி யார் காகிதம் என்று எவனும் கேட்க முடியாது. பெற்றோர் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. சென்னப்பன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் போனார்கள். நவம்பர் 10 முதல் நாற்பது பேரும் எட்டு வாரம் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி பிரசவ வார்டில். அனுமதியும் கிடைத்துவிட்டது.

எனக்கு மெமோ. வகுப்பை எடுத்துக்கொண்டு லைப்ரரிக்குத் தள்ளிவிட்டார்கள். தண்டனையாம்! லைப்ரரிச் சுவரில் ஒரு பெரிய பலகை சும்மா கிடந்தது. ஐந்து பக்கத்தையும் அதில் வரிசையாகக் குத்தி, எந்தப் பாடத்தில் எத்தனை பேர் கீழே என்று பக்கத்தில் எழுதிவிட்டேன். இனி ஒவ்வொரு வருடமும் தோற்கிறவர்கள் பக்கம் இங்கே வரும், அடுத்த வருடப் பாடம் அதைப் பார்த்துத்தான் நடக்கும். கிழிக்கச் சொன்னால் மாரப்பனைக் கூப்பிடுவேன்.

பொம்மிடியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள். விசாரித்து வைத்திருக்கிறேன். சம்பளம் குறைவு. ஆனால் நிஜக் குழந்தைகள்.

அண்ணி மணிமேகலை

*

பொம்மிடி
14.2.2026

அன்புள்ள அண்ணிக்கு,

ரேவதி எழுதுவது. உடம்பு நலம், தூக்கம்தான் குறைவு. அண்ணன், அம்மா, ஆட்டுக்குட்டி எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். ஒரு பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதீர்கள். இது தபாலில் வர வேண்டிய விஷயம்.

இதுவரை முப்பத்தொரு பிரசவம் பார்த்துவிட்டேன். நோட்டில் ஒவ்வொன்றையும் நானே எழுதுகிறேன். டிசம்பரில் ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்கவேயில்லை. யோசிக்கவில்லை அண்ணி, என் கை தானாகப் போய் அடிவயிற்றில் உட்கார்ந்து தேய்த்தது. கருப்பை என் கைக்கு அடியில் கெட்டியாவது தெரிந்தது. அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். அவள் பிழைத்தாள். வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்று ஓவென்று அழுதேன்.

போன வாரம் காவேரி சித்தேரிக்குப் போகிற வழியில் என்னைப் பார்க்க வந்தாள். "அக்கா, நான் பன்னெண்டு பிரசவம் பாத்துட்டேங்க்கா. ஒரு கொழந்தகூட ரெண்டு புள்ளி எட்டு கிலோ இல்லீங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டியூட்டி டாக்டரம்மா எட்டிப் பார்த்துத் திட்டினார்கள்.

ஜனவரியில் மறுபடி பரீட்சை எழுதினேன் அல்லவா, நேற்று ரிசல்ட் வந்தது. ஒரு வரி வரவில்லை. முழுப் பக்கம் வந்திருக்கிறது.

அம்மாவுக்கு நேற்றே போன் செய்துவிட்டேன். "ஸ்பீக்கர்ல போடும்மா" என்று நானே சொன்னேன். "மறுபடியும் பெயிலும்மா" என்றேன். அம்மா தெருவைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்கல்ல? மறுக்கா எழுதுவா. போயி அவங்கவங்க வேலையப் பாருங்க" என்று விரட்டியது.

பக்கத்தை மடிக்காமல் பெரிய கவரில் வைத்திருக்கிறேன், உங்கள் நகத்துக்கு ஆபத்தில்லை. பிரசவத்துக்கு நேரே பாருங்கள், மேலே வந்துவிட்டேன். மருந்து அளவுக் கணக்குதான் இந்தத் தடவை காலை வாரிவிட்டது. அதையும் நாங்கள் ஒழுங்காகப் படிக்கவில்லை, நோட்டைப் பார்த்து நோட்டில் எழுதினோம். இந்த வருடப் பிள்ளைகளுக்கு அதை இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். நான் ஜூனில் மறுபடி எழுதுகிறேன். அதுவும் போனால் அந்தப் பக்கமும் உங்களுக்கு வரும்.

பலகையில் முதல் வரிசையில் குத்துங்கள். சென்னப்பன் வந்து பார்த்தால் பார்க்கட்டும். பெயரை மட்டும் யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ரேவதி
(பக்கத்தில் மேலே இருக்கிற அதே பெயர்)